ஃபெடரல் பணம் வேண்டாம் என்றார்களே, ஓட்டில் அடி விழுந்ததா?

#1 மோரிஸ்வில் மாமா

நேற்று ஒரு பாட்லக் விருந்தில் ஊருக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் அடித்துச் சொன்னார், "ஜனங்களுக்கு வருகிற காசைத் தடுக்கிற கட்சி அடுத்த தேர்தலில் காணாமல் போய்விடும் மாமா, எவனும் அந்தத் தைரியத்துக்குப் போக மாட்டான்" என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற இதே வட கரோலினாவில் 2013-இல் அதைத்தான் செய்தார்கள்.

கதை தெரியாதவர்களுக்காக. 2012 தேர்தலில் சார்லட்டின் முன்னாள் மேயர் பாட் மெக்ரோரி ஆளுநர் ஆனார். (இங்கே ஆளுநர் என்றால் டெல்லி அனுப்பி வைக்கிறவர் இல்லை, ஓட்டு வாங்கி வருகிறவர். நம் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆளுநர் பதவியும் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஒருசேரக் குடியரசுக் கட்சியிடம் வந்தது 1870-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. வந்த கையோடு, 2013 பிப்ரவரி 19 அன்று, வேலை போனவர்களுக்கு வாரா வாரம் கொடுக்கிற அன்எம்ப்ளாய்மென்ட் உதவியை வெட்டும் சட்டத்தில் மெக்ரோரி கையெழுத்துப் போட்டார். வாரத்துக்கு அதிகபட்சம் 535 டாலராக இருந்தது 350 ஆனது. 26 வாரம் என்றிருந்தது வேலையின்மை விகிதத்தைப் பொறுத்து 12 முதல் 20 வாரம் ஆனது.

அதோடு போயிருந்தால் இந்த இழையே வேண்டாம். அப்போது மாநில உதவி முடிந்தவர்களுக்கு மேற்கொண்டு 47 வாரம் வரை வாஷிங்டன் (ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு) தன் சொந்தக் காசில் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான், மாநிலம் தன் வாரத் தொகையைக் குறைக்கக் கூடாது. இவர்கள் குறைத்தார்கள், குறைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே குறைத்தார்கள். ஜூலை 1 அன்று 70,000 பேருக்கு ஒரே நாளில் பணம் நின்றது. வருடக் கடைசிக்குள் மொத்தம் 1.7 லட்சம் பேரைத் தொடும் என்று ஃபெடரல் தொழிலாளர் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. நாட்டிலேயே இப்படி வெளியே போன முதல் மாநிலம் நாங்கள்தான்.

என் கேள்வி இதுதான். இதற்கு யாராவது அரசியல் விலை கொடுத்தார்களா? எனக்கு ஒரு பதில் இருக்கிறது, முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

#2 வாயாடி

விலை கொடுத்தது அந்த 70,000 பேர். அடுத்த கேள்வி?

#3 கணக்குப்பிள்ளை

மாமா, பாதிக் கதையைச் சொல்லி உட்கார்ந்துவிட்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வருடம் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

மாநிலத்தின் அன்எம்ப்ளாய்மென்ட் நிதி 2009-லேயே காலி. ஃபெடரல் அரசிடம் கடன் வாங்கி வாங்கி அது சுமார் 250 கோடி டாலர் ஆகியிருந்தது. கலிபோர்னியா, நியூயார்க் மாதிரி பெரிய மாநிலங்களுக்கு அடுத்தபடியாக நாங்கள் நின்றோம். அந்தக் கடனை யார் கட்டுவது? வாஷிங்டன் சும்மா இருக்காது, கடன் தீரும்வரை முதலாளிகளின் ஃபெடரல் வரியை ஆளுக்கு 21 டாலர் வீதம் வருடா வருடம் ஏற்றிக்கொண்டே போகும். முதல் வருடம் 21, அடுத்தது 42, அப்புறம் 63. பெரிய கம்பெனிக்கு அது தூசு. பகுதிநேர ஆட்களை வைத்துக் கடை நடத்துகிறவனுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் ஆண்டில் முதல் 7,000 டாலர் சம்பளத்துக்குத்தான் இந்த வரி, ஆகவே மேனேஜருக்கும் வாரம் இருபது மணி நேரம் வருகிற பையனுக்கும் ஏறக்குறைய அதே தொகை.

சட்டத்தை எதிர்த்தவர்கள் "ஜனவரி 2014 வரை தள்ளிப் போடுங்கள்" என்றார்கள். தள்ளியிருந்தால் கடன் இன்னும் இழுத்திருக்கும். வெட்டியதால் 2015-லேயே கடன் அடைந்தது. தகுந்த வேலைதான் செய்தார்கள் என்று இன்றும் சொல்வேன், திட்டுகிறவர்கள் வரிசையில் வாருங்கள்.

#4 மோரிஸ்வில் மாமா

வரிசையில் முதல் ஆள் நான்.

கடன் உண்மை, வரி உண்மை, 2015-இல் அடைந்ததும் உண்மை. ஆனால் இரண்டு வெவ்வேறு பணத்தைக் கலந்து பேசுகிறீர்கள். கடன் ஏறியது மாநிலம் கொடுத்த உதவியால். 2013-இல் நின்றுபோன அந்த நீட்டிப்புப் பணம் முழுக்க ஃபெடரல் காசு, அதில் ஒரு டாலர்கூட மாநிலக் கடனில் ஏறாது. 70 கோடி டாலருக்கு மேல் அப்படியே விட்டுக்கொடுத்தோம். மிச்சிகனும் மிசௌரியும்கூட வெட்டின. அவர்கள் 26 வாரத்தை 20 ஆக்கினார்கள், வாரத் தொகையைத் தொடவில்லை, அதனால் ஃபெடரல் நீட்டிப்பு தப்பியது. இங்கே இருந்தவர்களுக்கு அந்த வழி தெரியாமலா போயிருக்கும்?

இன்னொன்று. நிதி ஏன் காலியானது? 90-களில் பணம் வழிந்த காலத்தில் முதலாளி வரியைக் குறைத்தார்கள், அப்போது ஆளுநராக இருந்தவர் ஜனநாயகக் கட்சிக்காரர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் குடையை விற்றுத் தின்றவர்கள் ஒரு கட்சி, நனைந்தவனுக்கு அபராதம் போட்டவர்கள் இன்னொரு கட்சி.

#5 கொத்தமல்லி

நான் இந்தத் தளத்தில் அரசியல் இழைப் பக்கமே வருவதில்லை. இதில் வராமல் இருக்க முடியவில்லை.

எனக்கு வேலை போனது 2013 ஆகஸ்டில். கம்பெனி பெயர் வேண்டாம், ஒரே வெள்ளிக்கிழமை எங்கள் தளத்தில் முப்பது பேர். ஜூன் கடைசியில் போயிருந்தால் பழைய கணக்கு, ஆகஸ்டில் போனதால் புதிய கணக்கு. உட்கார்ந்து காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். பழையபடி 535 பெருக்கல் 26, அதாவது 13,910 டாலர். புதியபடி 350 பெருக்கல் 20, அதாவது 7,000. ஏழு வாரம் தாமதமாக வேலை போனதற்கு எனக்கு விழுந்த அபராதம் 6,910 டாலர். அதற்கு மேல் ஃபெடரல் நீட்டிப்பு என்று ஒன்று இருந்ததே எனக்கு அப்போது தெரியாது, அது நின்றுபோனதும் தெரியாது.

தெரியாது என்பதைத்தான் சொல்ல வந்தேன். அந்த ஏழு மாதத்தில் எனக்கு ஒரு கடிதமும் "இது இன்ன சட்டமன்றம், இன்ன தேதியில், இன்னார் ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு" என்று வரவில்லை. "உங்கள் வாரத் தொகை 350" என்று மட்டும் வந்தது. நான் யார் மேல் கோபப்படுவது? வேலையை விட்டு எடுத்தவன் மேல் கோபப்பட்டேன். என் மேலேயே கோபப்பட்டேன். வீட்டுக்கு யாராவது வந்தால் "பிரேக் எடுத்திருக்கிறேன்" என்றேன். மெக்ரோரி என்ற பெயரே அந்தச் சமயத்தில் என் மண்டையில் இல்லை அண்ணா.

#6 வாயாடி

அக்கா, மன்னிக்கவும், ஒரு சந்தேகம். ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இது கிடைக்குமா? நம் ஆட்கள் பாதிப் பேர் "மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, நமக்கு ஏன் தருவதில்லை" என்று கேட்கிறார்கள்.

#7 கொத்தமல்லி

எனக்கு 2010-லேயே கிரீன் கார்டு வந்துவிட்டது, அதனால் கிடைத்தது. ஹெச்-1பி என்றால் நடைமுறையில் கிடைக்காது. "இன்று யார் கூப்பிட்டாலும் வேலைக்குப் போகத் தயார்" என்று ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டும், அந்த விசாவில் அப்படிச் சொல்ல முடியாது. இன்று உள்ள 60 நாள் அவகாசமே 2017 ஜனவரியில்தான் விதியாக வந்தது. 2013-இல் அதுவும் இல்லை, வேலை போன மறுநாளே காலுக்குக் கீழே நிலம் இல்லை.

#8 கணக்குப்பிள்ளை

சம்பளத்தில் பிடிப்பதும் இல்லை தம்பி. நியூஜெர்சி, பென்சில்வேனியா, அலாஸ்கா மூன்றில் மட்டும்தான் தொழிலாளி பங்கும் உண்டு. இங்கே முழுக்க முதலாளி கட்டுவது. ஹெச்-1பி ஆளுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அவருக்குத் திரும்ப வராது என்று தெரிந்தும்.

கொத்தமல்லி அம்மா, உங்கள் கணக்கைப் படித்தேன். வாதத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த ஜூலை 1 என்ற கத்தி வெட்டு அநியாயம்தான். பழைய ஆட்களையாவது படிப்படியாக இறக்கியிருக்கலாம்.

#9 ரிச்மண்ட்காரன்

பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில் இருந்து ஒரு பழைய கதை, மாமாவின் கேள்விக்கு நேரான பதில்.

2009. ஒபாமாவின் ஊக்கத் தொகைச் சட்டத்தில் அன்எம்ப்ளாய்மென்ட் விதிகளைப் புதுப்பிக்கிற மாநிலங்களுக்கென்று 700 கோடி டாலர் தனியாக வைத்தார்கள். வர்ஜீனியாவின் பங்கில் மூன்றில் ஒரு பகுதி ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டது. மீதி 12.5 கோடி டாலரை வாங்க வேண்டும் என்றால் பகுதிநேர வேலை தேடுகிறவர்களுக்கும் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கும் உதவி உண்டு என்று சட்டம் திருத்த வேண்டும். ஆளுநர் டிம் கெய்ன் திருத்தி அனுப்பினார். ஏப்ரலில் குடியரசுக் கட்சி கையில் இருந்த கீழவை அதைத் தூக்கி எறிந்தது. ஃபெடரல் பணம் தீர்ந்த பிறகு விரிந்த செலவு நம் முதலாளிகள் தலையில் விழும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கணக்குப்பிள்ளை அண்ணன் சொல்வதுபோலத்தான்.

அப்போது மாநிலத்தின் தெற்கில் மார்ட்டின்ஸ்வில் என்ற ஊரில் ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. துணி ஆலை, மரச்சாமான் தொழிற்சாலை எல்லாம் போன ஊர். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் துள்ளிக் குதித்தார்கள். எதிரி தானே கொண்டுவந்து கையில் கம்பைக் கொடுத்துவிட்டான், நவம்பரில் இதை வைத்தே அடிக்கலாம் என்றார்கள். நானே அப்போது அப்படி ஒரு பதிவு எழுதினேன், தேடி எடுத்து மானத்தை வாங்காதீர்கள்.

நவம்பரில் என்ன நடந்தது? அந்த நிராகரிப்பை ஆதரித்த பாப் மெக்டானல், "வேலை, வேலை" என்ற ஒரே கோஷத்தோடு ஆளுநர் தேர்தலில் நின்று ஜனநாயகக் கட்சியின் கிரீ டீட்ஸை 17 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தினார். பணத்தை வேண்டாம் என்ற கீழவையில் அவர்கள் இடம் இன்னும் கூடியது. முந்தைய வருடம்தான் ஒபாமா வர்ஜீனியாவை ஜெயித்திருந்தார், 1964-க்குப் பிறகு முதல் முறையாக.

#10 வாயாடி

ஆக, கம்பைக் கொடுத்தவன் ஜெயித்தான், கம்பை வாங்கியவன் அடிபட்டான். 😂

#11 மோரிஸ்வில் மாமா

ரிச்மண்ட் தம்பி, நான் சொல்ல நினைத்ததில் பாதியைச் சொல்லிவிட்டீர்கள்.

இங்கே எதிர்ப்பே இல்லாமல் இல்லை. வர்ஜீனியாவை விட நூறு மடங்கு இருந்தது. 2013 ஏப்ரல் 29, திங்கட்கிழமை, மதகுரு வில்லியம் பார்பர் தலைமையில் எங்கள் தலைநகர் ராலியின் சட்டமன்றக் கட்டிடத்துக்குள் போய் 17 பேர் கைதானார்கள். அடுத்த திங்கள் இன்னும் கொஞ்சம் பேர், அதற்கடுத்த திங்கள் இன்னும். 'மாரல் மண்டே' (தார்மீகத் திங்கள்) என்று பெயரே வந்துவிட்டது. ஜூலை கடைசிக்குள் கைதானவர்கள் 900-ஐத் தாண்டினார்கள். நான் இரண்டு திங்கள் போனேன். கைதாகிற அளவுக்குத் துணிச்சல் இல்லை, புல்தரையில் நின்றேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், சர்ச் பாட்டிகள், டியூக் பல்கலைக்கழக மாணவர்கள். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் அன்எம்ப்ளாய்மென்ட் நின்றுபோன ஆள் ஒருவரையாவது சந்தித்தேனா என்று யோசித்தால், ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். எங்கள் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிற ஸ்காட்லாந்து கவுன்டியில் இருந்து ராலிக்கு வந்துபோக பெட்ரோல் காசு வேண்டாமா? மேடையிலும் மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான மருத்துவ உதவி), பள்ளி நிதி, ஓட்டுரிமைச் சட்டம் என்று பத்து விஷயம், அதில் இது ஒன்று. பத்தில் ஒன்றாகப் போனபோதே இதன் கதை முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது ஓட்டுக்கு வருவோம். அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய கீழவையின் சபாநாயகர் தாம் டில்லிஸ். 2014-இல் அவரே அமெரிக்க செனட்டுக்கு நின்றார். எதிரே பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் கே ஹேகன், சட்டமன்றம் வெட்டியதை எல்லாம் வைத்துத்தான் பிரசாரம் செய்தார். டில்லிஸ் சுமார் ஒன்றரைப் புள்ளியில் ஜெயித்தார். 2020-இல் மறுபடியும் ஜெயித்தார். தண்டனை என்று எதைச் சொல்வது?

#12 நடுநிலை நாராயணன்

மெக்ரோரி தோற்றாரே? 2016-இல் ட்ரம்ப் ஜெயித்த அதே மாநிலத்தில், அதே நாளில், பதவியில் இருந்த ஆளுநர் தோற்றார். அது அடி இல்லையா?

#13 மோரிஸ்வில் மாமா

தோற்றார், 10,277 ஓட்டில். ஆனால் எதற்காக? அந்த வருடம் மார்ச்சில் வந்த கழிப்பறைச் சட்டம் (பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலினப்படிதான் அரசுக் கட்டிடங்களில் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றது), அதனால் கிளம்பிப் போன கம்பெனிகள், வேறு ஊருக்குப் போன கூடைப்பந்து ஆட்டங்கள். சார்லட்டுக்கு வடக்கே அவர் சொந்தக் கோட்டையில் ஐ-77 சாலையில் சுங்கத் தடம் போட்டதற்குக் கோபம். இதை எல்லாம் பட்டியல் போட்டவர்கள் யாரும் 2013 ஜூலை 1 என்று எழுதியதாக எனக்கு நினைவில்லை. மனிதர் வேறு வழக்கில் உள்ளே போனதை இந்த வழக்கில் தண்டனை என்று சொல்ல முடியுமா?

#14 ரிச்மண்ட்காரன்

தொகுதி வரைபடத்தையும் விடாதீர்கள். 2011-இல் குடியரசுக் கட்சி வரைந்த எல்லைகள். 2012-இல் வட கரோலினாவில் காங்கிரஸ் தேர்தலில் மொத்த ஓட்டில் அதிகம் வாங்கியது ஜனநாயகக் கட்சி, 13 இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது 4. சட்டமன்றத் தொகுதிகளும் அதே வருடம், அதே கைகள் வரைந்தவைதான். அப்படிப்பட்ட தொகுதியில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்எம்ப்ளாய்மென்ட் வாங்குகிறவர் மேல் என்ன பயம்? அவருக்குப் பயம் தன் கட்சிக்குள்ளேயே பிரைமரியில் (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில்) நிற்கப் போகிறவர் மேல்தான்.

ஆனால் வர்ஜீனியா ஆளுநர் தேர்தலுக்கு அது பொருந்தாது, ஆளுநருக்குத் தொகுதி எல்லை கிடையாது. அதனால் எல்லைக்கோடு மட்டும் காரணம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை.

#15 கொத்தமல்லி

எனக்குத் தெரிந்த காரணம் சின்னது. வரி கட்டுகிறவர் நிரந்தரமாக வரி கட்டுகிறவர். அவருக்குச் சங்கம் இருக்கிறது, அந்தச் சங்கத்துக்கு ராலியில் ஆள் இருக்கிறார். கணக்குப்பிள்ளை அண்ணாவுக்கு 21 டாலர் பன்னிரண்டு வருடம் கழித்தும் நினைவிருக்கிறது பாருங்கள். நான் வேலையில்லாதவளாக இருந்தது ஏழு மாதம். வேலை கிடைத்த மறுநாள் முதல் அந்த ஏழு மாதத்தை மறக்கத்தான் பார்த்தேன். மறக்க நினைக்கிற விஷயத்துக்கு யார் போய் ஓட்டுப் போடுவார்கள்?

#16 கணக்குப்பிள்ளை

நெற்றியில் அடித்த மாதிரி இருக்கிறது அம்மா. ஆமாம், மின்னஞ்சல் வரும், "உங்கள் உறுப்பினரைக் கூப்பிடுங்கள்" என்று. கூப்பிட்டிருக்கிறேன்.

சரி, 2021-ஐயும் பேசுங்கள். கோவிட் நேரத்தில் வாரம் 300 டாலர் கூடுதல், செப்டம்பர் 6 வரை. மொன்டானா ஆளுநர் ஜியன்ஃபோர்ட் மே மாதமே "எங்களுக்கு வேண்டாம், வேலைக்குத் திரும்பினால் 1,200 போனஸ்" என்று ஆரம்பித்து வைத்தார். பின்னாலேயே இருபத்தைந்து மாநிலங்கள் வரை முன்கூட்டியே நிறுத்தின. என் கடையில் ஆள் கிடைக்காமல் ஞாயிற்றுக்கிழமை நானே பாத்திரம் கழுவினேன், ஆகவே நிறுத்தினால் நல்லது என்றே நினைத்தேன். பிறகு வங்கிக் கணக்குத் தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் பார்த்ததில், நிறுத்தியதால் உதவி இழந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் கூடுதலாக வேலைக்கு வந்திருந்தார். அதைப் படித்தபோது கொஞ்சம் இடித்தது, மறுக்க மாட்டேன்.

#17 மோரிஸ்வில் மாமா

அந்த 2021 கதையில்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். இங்கேயும் சட்டமன்றம் அதே குடியரசுக் கட்சிக் கையில், அதே போல ஃபெடரல் பணத்தை முன்கூட்டி நிறுத்த மசோதா போட்டார்கள். ஜூலை 2 அன்று ஜனநாயகக் கட்சி ஆளுநர் ராய் கூப்பர் வீட்டோ செய்தார், அதைத் தாண்ட அவர்களிடம் எண்ணிக்கை இல்லை. பணம் செப்டம்பர் வரை வந்தது. அந்தக் கூப்பர் 2016-இல் மெக்ரோரியைப் பத்தாயிரம் ஓட்டில் தோற்கடித்தவர். கழிப்பறைச் சட்டத்தின் மேல் கோபப்பட்டு விழுந்த ஓட்டு, ஐந்து வருடம் கழித்து அன்எம்ப்ளாய்மென்ட் வாங்குகிறவர்களைக் காப்பாற்றியது. யாரும் திட்டம் போட்டு நடந்ததில்லை.

ஆனால் 350 டாலர் அப்படியேதான் இருந்தது. 2020-இல் ஊரே மூடிக் கிடந்தபோது மாநில நிதியில் 350 கோடி டாலருக்கு மேல் இருந்தது, அப்போதும் மாநிலக் கணக்கில் 12 வாரம்தான்.

#18 வாயாடி

லூசியானாவைச் சொல்லாமல் விட்டீர்களே. அங்கே ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் ஜனநாயகக் கட்சி. அந்தக் கட்சியில் 300-ஐ முன்கூட்டி நிறுத்தியவர் அவர் ஒருவர்தான். ஏன் தெரியுமா? சட்டமன்றத்தோடு பேரம். 300-ஐ ஜூலை கடைசியில் விட்டால், மாநிலத்தின் 247 டாலரை 275 ஆக்குவோம் என்றார்கள். 28 டாலர். அதுவும் அடுத்த ஜனவரியில் இருந்து.

#19 நடுநிலை நாராயணன்

300 போனது ஐந்தாறு வாரத்துக்கு, 28 ஏறியது நிரந்தரமாக. பேரம் அவ்வளவு மோசம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிண்டல் செய்யுங்கள்.

#20 வாயாடி

அன்று வேலை இல்லாதவன் விட்டுக்கொடுத்தான், அடுத்த வருடம் வேலை போகப்போகிறவன் வாங்கினான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்றால் நல்ல பேரம்தான் சார்.

#21 கொத்தமல்லி

மாமா, அந்தப் புல்தரையில் ஒருவரைச் சந்தித்ததாகச் சொன்னீர்களே, அவர் என்ன ஆனார்?

#22 மோரிஸ்வில் மாமா

கன்னாபொலிஸ்காரர். 2003-இல் பில்லோடெக்ஸ் துணி ஆலை மூடியபோது ஒரே நாளில் வட கரோலினாவில் நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு வேலை போனதே, அதில் ஒருவர். அப்புறம் கம்யூனிட்டி காலேஜில் படித்து, மெஷின் ரிப்பேர் வேலையில் இருந்து, 2012-இல் அதுவும் போய், நீட்டிப்புப் பணத்தில் இருந்தவர். ஜூலை முதல் வாரம் பணம் வரவில்லை, மருமகள் காரில் வந்திருந்தார். போன் எண் வாங்கிக்கொண்டேன், தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுக்கிற அளவுக்குப் பழக்கம் ஆனது.

2014 நவம்பரில் கூப்பிட்டு, "ஓட்டுப் போட்டீர்களா, டில்லிஸ் நிற்கிறாரே" என்றேன். அன்று கிடங்கில் இரண்டு ஷிஃப்ட், போக முடியவில்லை என்றார். எங்கள் ஊரில் முன்கூட்டியே போடலாமே என்றேன். அந்த வாரமும் ஷிஃப்ட்.

#23 கணக்குப்பிள்ளை

இப்போது எப்படி இருக்கிறார்?

#24 மோரிஸ்வில் மாமா

முழங்கால் ஆபரேஷன் முடிந்தது. மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வந்துவிட்டது, அதில் செய்துகொண்டார்.

#25 மட்டுறுத்துநர்

ஹெலீன் புயலுக்குப் பிறகு 2024-இல் கூப்பர் வாரத் தொகையைத் தற்காலிகமாக 600 ஆக்கியதைப் பற்றி மூன்று பேர் தனிமடலில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வேறு இழை தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம். வாயாடி, நாராயணன் ஐயாவோடு சண்டையை இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.